மனசுதான் காரணம் என்றேன்

என் தங்கை சந்திரலேகாவின் வலியை ஆறு வருடம் நான் நம்பவில்லை. அதுவும் நர்ஸாக இருந்துகொண்டு.

அவளை நெரவியில் கட்டிக்கொடுத்திருந்தோம். காரைக்காலில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். மாதவிலக்கு வந்தால் அடிவயிற்றில் பிடிக்கும் வலி, பிட்டம் வழியாக வலது காலின் பின்பக்கம் இறங்கிப் பாதம்வரை போகும் என்பாள்.

"காய்ச்சின கம்பிய உள்ள விட்டு இழுக்குற மாதிரி இருக்குக்கா."

"எல்லாருக்கும் வர்றதுதான்டி" என்று மாத்திரை கொடுத்து அனுப்புவேன்.

மூன்று நாள் வலி பத்து நாளானது. உட்கார முடியாமல் நின்றுகொண்டே பேப்பர் திருத்தினாள். நானே கூட்டிப்போய் முதுகுத்தண்டை ஸ்கேன் எடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

அன்று அவள் கணவர் கார்த்திகேசன் போன் செய்தார். "அக்கா, நெசமாவே வலிதானா? நீங்க நர்ஸு, சொல்லுங்க."

"ஸ்கேன்ல ஒண்ணுமில்ல தம்பி. கொழந்த இல்லங்கற கவலை. மனசுதான் காரணம். கண்டுக்காம விடுங்க."

அவர் கண்டுகொள்ளாமல் விட்டார், இரண்டு வருடம்.

போன தை மாதம் பள்ளி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது லேகா விழுந்தாள். வலது பாதத்தைத் தூக்கவே முடியவில்லை. பதறிப்போய்ப் புதுச்சேரியில் ஒரு பெண் டாக்டரிடம் கொண்டுபோனேன்.

"விலக்காகுறப்ப வலி கூடுதாம்மா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தாங்க" என்றாள் லேகா. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த முறை இடுப்புக்குழியை ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு வெளியே ஆழமாக வளர்ந்து, காலுக்குப் போகும் நரம்பை இறுக்கியிருந்தது. எண்டோமெட்ரியோசிஸ். மாதாமாதம் அது வீங்கும்போதெல்லாம் நரம்பு நசுங்கியிருக்கிறது. முதுகில் தேடிய எனக்கு அது எப்படித் தெரியும்?

ஆபரேஷன் ஐந்து மணி நேரம் ஆனது. மூன்றாம் நாள் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னேன்.

"லேகா, அவருகிட்ட மனசுதான் காரணம்னு சொன்னது நான்தான்டி."

"தெரியும். அன்னைக்கே சொல்லிட்டாரு."

"தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"



"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்க்கா. எனக்கே எம்மேல சந்தேகம் வந்துடுச்சு. வலிக்கிறப்பல்லாம், வலிக்கல, வலிக்கலன்னு சொல்லிப் பாத்துருக்கேன்."

எழுந்து வராண்டாவுக்குப் போய்விட்டேன். அங்கே நின்றிருந்த கார்த்திகேசனிடம், "தப்பு என்னோடது தம்பி" என்றேன். "ராத்திரியெல்லாம் பக்கத்துல படுத்திருந்தவன் நானுந்தானேக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வலி பெரும்பாலும் போய்விட்டது. பாதத்துக்கு மட்டும் இன்னும் பழைய பலம் வரவில்லை. வரும், நாளாகும் என்கிறார் டாக்டர். முழுசாக வருமா என்று கேட்டால், பயிற்சியை விடாதீங்க என்று மட்டும் சொல்கிறார். லேகா பாதத்தைத் தூக்கிப்பிடிக்கும் பட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். என்னோடு முன்போலவே பேசுகிறாள். ஆனால் எங்கே வலிக்கிறது என்று மட்டும் என்னிடம் சொல்வதில்லை.