மூச்சு உள்ள மாவு

நாற்பது எடுத்தால் பாஸ். அவள் எடுத்தது முப்பத்தொன்று.

விடைத்தாளை வீட்டில் முதலில் பார்த்தது பதினொரு வயது மகள்தான். அம்மாவின் பையில் பேனா தேடப் போனவள், நான்காக மடித்து அடியில் செருகியிருந்த தாளோடு வெளியே வந்தாள்.

"இதுல நான் கையெழுத்துப் போடணுமாம்மா?"

"கிண்டல் பண்ணாதடி. கொடு இங்க."

"நான் அம்பதுக்குக் கீழ வாங்கினப்ப ரெண்டு நாள் டிவி கிடையாதுன்னு சொன்னது யாரு?"

"சரி, ரெண்டு நாள் நானும் டிவி பாக்கல. போதுமா?"

"நீ எப்பவும் பாக்கறதே இல்லையே. இது என்ன தண்டனை," என்றாள் மகள். ஆனாலும் தாளைப் பழையபடி நான்காக மடித்து, பையின் அடியிலேயே வைத்தாள். அப்பாவிடம் சொல்லவில்லை. அந்த மட்டும் பிள்ளை நல்ல பிள்ளை.

அவளுக்கு முப்பத்துநான்கு வயது. ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எட்டு வருடமாக வேலை. விடிந்ததும் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களின் கையில் நரம்பு தேடி ஊசி போடுவது, குழாய்களில் பெயர் எழுதி ஒட்டுவது, கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக் கவிழ்ப்பது. மைக்ராஸ்கோப் இருந்த மேஜை அறையின் மறுகோடியில். அந்த நாற்காலியில் உட்கார டிகிரி வேண்டும். எட்டு வருடமாக அவள் அந்த நாற்காலியைத் துடைத்திருக்கிறாள், உட்கார்ந்ததில்லை. அதனால்தான் போன வருடம் உயிர் அறிவியல் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். காலை ஒன்பதரைக்கு வேலை முடிந்ததும் கல்லூரி, ஒரு மணிக்கு வீடு.

செல், திசு, நொதி எல்லாம் அவளுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. தினமும் பார்த்த முகங்கள். நடுவில் கால்குலஸ் என்று ஒன்று வந்து உட்காரும் என்று யாரும் சொல்லவில்லை. 'உயிர் அறிவியலுக்கான கால்குலஸ்' என்று பெயர். பெயரில் உயிர் இருக்கிறது, இவள் உயிரைத்தான் எடுக்கிறது என்று வகுப்பில் ஒருமுறை சொல்லிவிட்டாள். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. கணக்கு விரிவுரையாளரும் சிரித்தாள். அந்தப் பெண்ணுக்கே இருபத்தெட்டுதான் இருக்கும். வகுப்புக்குள் இவள் அவளை மேடம் என்பாள். வகுப்புக்கு வெளியே அவள் இவளை அக்கா என்பாள்.

மறுதேர்வு ஒன்று உண்டு. அதிலும் போனால் படிப்பிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள்.

"ஈஸ்ட் கணக்குல மட்டும் பதினாலு மார்க் போயிருக்கு அக்கா," என்றாள் விரிவுரையாளர், தாளைக் காட்டி. "தொட்டியில ஈஸ்ட் வளருது. எந்த நேரத்துல மிக வேகமா வளருதுன்னு கேட்டேன். நீங்க எது மிக அதிகமா இருக்கற நேரமோ அதை எழுதியிருக்கீங்க. அதுக்கப்புறம் வந்தது எல்லாமே தப்பாயிடுச்சு."

"அதிகமா இருந்தா வேகமா வளந்திருக்குன்னுதானே மேடம் அர்த்தம்?"

"இல்லக்கா. அது வேற, இது வேற. வளர்ச்சி வீதம்னா..."

வீதம் என்ற சொல் அவள் காதில் விழும்போதெல்லாம் கடைத்தெருவில் தலைக்கு இத்தனை வீதம் என்று பங்கு போடுகிற ஞாபகம்தான் வந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்தாள். புரியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஈஸ்ட்டோடு குடித்தனம் நடத்துகிறவள் அவள். கணவர் ரொட்டி போடுகிறவர். வீட்டின் முன்பாதி பேக்கரி, பின்பாதி குடியிருப்பு. பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அவள் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார். மாவு பிசைகிற பெரிய மேஜைதான் அந்த வீட்டில் புத்தகத்தை விரித்து வைக்க முடிகிற ஒரே இடம். மதியம் இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரை அது அவளுடையது. அதன்பின் அவர் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, "டாக்டரம்மா, கிளினிக்கைக் காலி பண்ணுங்க, மாவு வந்துடுச்சு," என்பார்.

மறுதேர்வுக்குப் பதினைந்து நாள் இருந்தபோது ஒரு மாலை, அவர் சைக்கிளை எடுத்தார்.

"ஈஸ்ட் தீந்து போச்சு. வாங்கிட்டு வந்துடறேன். டின்னுல மாவு பொங்கிட்டு இருக்கு. பதமா வந்ததும் அடுப்புக்குள்ள தள்ளிடு."

"பதம்னா?"

"நீ பாக்காத பொங்கலா? நல்லா வந்ததும் தள்ளு."

அவள் புத்தகமும் கையுமாக அடுப்பின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். இருபத்துநான்கு டின். மாவு விளிம்பைத் தொட்டது. இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று விட்டாள். விளிம்பைத் தாண்டிக் குடை மாதிரி நின்றது. பார்க்க அத்தனை அழகு. இன்னும் கொஞ்சம் என்று விட்டாள். இதற்குமேல் ஏறாது என்று நிச்சயமான பிறகு எழுந்து, ஒவ்வொன்றாக அடுப்புக்குள் தள்ளிக் கதவை மூடினாள்.

அவர் திரும்பி வந்தபோது இருபத்துநான்கும் நடுவில் குழிந்து, யாரோ உட்கார்ந்து எழுந்த தலையணைகள் போலக் கிடந்தன.

அவர் திட்டவில்லை. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "உச்சிக்குப் போறவரைக்கும் விட்டுட்டியா?"

"நல்லா வந்ததும் தள்ளச் சொன்னீங்க. அதான் முழுசா வரட்டும்னு..."

"முழுசா வந்த மாவுல மூச்சு இருக்காதும்மா. சூடு பட்டதும் ஏறறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. அப்படியே உக்காந்துடும்."

அந்த நேரம் பார்த்துத் தையல்கடை அம்மா ரொட்டிக்கு வந்துவிட்டார். காலித் தட்டைப் பார்த்தார். குழிந்த ரொட்டிகளைப் பார்த்தார். "அஞ்சு மணி ரொட்டி ஆறரைக்கு ஆச்சு, சரின்னு பொறுத்துக்கிட்டோம். இன்னிக்கு அதுவும் இல்லையா?"

"அஞ்சு மணி ரொட்டியா?" என்றாள் அவள்.

"உனக்குத் தெரியாத மாதிரி கேக்கறியே. நீ காலேஜுக்குப் போக ஆரம்பிச்சதுல இருந்து இப்படித்தான். கேட்டா, மேஜையில ஆள் படிக்குதுன்னு சொல்றார் உன் வீட்டுக்காரர்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் மிகவும் கவனமாக ஈஸ்ட் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

மதிய வெயிலில் மாவு சரியாக வருவதில்லை, அதனால்தான் மூன்றரைக்குப் பிசைகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தார். ஒரு வருடமாக அவள் அதை நம்பியிருந்தாள். மழைக்காலத்திலும் நம்பியிருந்தாள். சரி, இப்போது கேட்டால் மழுப்புவார் என்று வாயை மூடிக்கொண்டாள். ஆனால் நெஞ்சுக்குள் என்னவோ இளகியது. குழிந்த ரொட்டிகளைத் துண்டு போட்டு ரஸ்க்குக்கு வைக்கும்போது, தேவைக்குமேல் நேரம் எடுத்துக்கொண்டு வைத்தாள்.

மறுநாள் அவளே கேட்டாள். "மூச்சு இருக்கு, இல்லன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறீங்க?"

"விரலால லேசா அழுத்து. பள்ளம் மெதுவா மேல வருதா? மூச்சு இருக்கு. அப்படியே நிக்குதா? போயிடுச்சு."

"உயரத்தைப் பாக்க மாட்டீங்களா?"

"உயரம் எதுக்கு? வேகம்தான். மொதல்ல சோம்பேறி மாதிரி கிடக்கும். அப்புறம் கிடுகிடுன்னு ஏறும். அப்புறம் தளரும். தளர ஆரம்பிச்ச கையோட அடுப்புக்குப் போயிடணும். தளர்ந்து நின்னுட்டா முடிஞ்சுது."

அவள் கையிலிருந்த பேனா நின்றது. "இன்னொரு தடவ சொல்லுங்க."

"எதை? சோம்பேறியையா?"

"எல்லாத்தையும்."

மாவு பிசைந்தவுடன் ஒரு உருண்டையை நெட்டைக் கண்ணாடி ஜாடிக்குள் போட்டு, அது நிற்கும் மட்டத்தில் ஜாடியைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்ட் மாட்டி வைப்பது அவர் வழக்கம். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரியும். அன்று அவள் மகளின் தலைமுடி ரப்பர் பேண்டுகளையெல்லாம் வாரிக்கொண்டு வந்தாள். பத்து நிமிடத்துக்கு ஒன்று. மாவு எங்கே நிற்கிறதோ அங்கே ஒன்று.

"என்னோடதை ஏன் எடுக்கற? உன் பரீட்சைக்கு நான் தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டா ஸ்கூலுக்குப் போகணும்?" என்று சிணுங்கிய மகள், அரைமணியில் கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரம் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

ஒன்றரை மணி நேரத்தில் ஜாடியின்மேல் பச்சை, சிவப்பு, மஞ்சளில் பத்து வளையம். அடியில் இருந்தவை நெருக்கமாக. நடுவில் ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி. மேலே கடைசி மூன்றும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு.

மாவு மிக உயரமாக இருந்தது மேலே. மிக வேகமாக ஏறியது நடுவில். அது வேற, இது வேற.

அவள் மேஜைமேல் சிதறிக் கிடந்த மாவிலேயே விரலால் கோடு போட்டாள். படுத்த கோடு, நிமிர்ந்து, மறுபடி படுத்தது. புத்தகத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்த அதே படம். கோட்டின் சாய்வுதான் புத்தகம் சொல்லும் வகைக்கெழு, வகைக்கெழுதான் வேகம், வேகம்தான் மூச்சு. உச்சியில் கோடு படுத்துவிடுகிறது. மூச்சு பூஜ்ஜியம்.

"ஏங்க," என்றாள்.

"ம்?"

"ஒண்ணுமில்ல. சும்மா கூப்பிட்டேன்."

அடுத்த இரண்டு வாரமும் அவள் கணக்குகளை அப்படித்தான் போட்டாள். மருந்து ரத்தத்தில் கரைகிறதா, எந்த நேரத்தில் மூச்சு அதிகம். கட்டி வளர்கிறதா, எங்கே மூச்சு தளர்கிறது. மறுதேர்வில் மறுபடியும் ஈஸ்ட் தொட்டி வந்தது, பழைய தோழியைப் பார்த்த மாதிரி இருந்தது. மளமளவென்று எழுதினாள். நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பஸ்ஸில் பாதி தூரம் வந்தபின்தான் உறைத்தது. வளர்ச்சி வீதம் என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் மூச்சு என்று எழுதியிருந்தாள். ஒரு இடத்தில் இல்லை, எல்லா இடத்திலும். 't = 6-ல் மூச்சு மிக அதிகம். உச்சியில் மூச்சு பூஜ்ஜியம். எனவே...'

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னாள். ஏதாவது கேலி செய்வார், அதோடு மனசு லேசாகும் என்று நினைத்துத்தான் சொன்னாள். அவர் கேலி செய்யவில்லை. பிசைகிற கை நின்றுவிட்டது.

"அது பரீட்சையில எழுதற வார்த்தை இல்லயே."

"இல்லதான்."

"அது சும்மா நான் வாயில வந்தபடி சொல்றது. எங்கயும் படிச்சு வந்தது கிடையாது." கையில் ஒட்டிய மாவை வழித்தார். "நான் உனக்குச் சொல்லியே இருக்கக்கூடாது."

அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அந்த வாரம் முழுக்க அவர் டாக்டரம்மா என்று கூப்பிடவில்லை. அவள் புத்தகம் விரித்தால் அந்தப் பக்கமே வராமல் அடுப்படியில் நின்றார். ஃபெயில் ஆவதைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

எட்டாம் நாள் விரிவுரையாளர் கூப்பிட்டனுப்பினாள். மேஜைமேல் அவளுடைய விடைத்தாள். ஈஸ்ட் கணக்கின்மேல் சிவப்பு மையில் ஒரு பெரிய கேள்விக்குறி.

"மூச்சுன்னா என்னக்கா?"

"வளர்ச்சி வீதம் மேடம். தப்பா எழுதிட்டேன். பழக்கத்துல வந்துடுச்சு."

"எந்தப் பழக்கத்துல?"

அவள் சொன்னாள். ஜாடி, தலைமுடி ரப்பர் பேண்ட், குழிந்துபோன இருபத்துநான்கு ரொட்டி, விரலால் அழுத்திப் பார்ப்பது. சொல்லச் சொல்லக் கை தானாக மேஜைமேல் கோடு போட்டுக் காட்டியது. விரிவுரையாளர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வாரா வாரம் முப்பது பேருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கறேன்," என்றாள் கடைசியில். "எல்லாரும் தலையாட்டறாங்க. உச்சியில ஏன் பூஜ்ஜியம்னு கேட்டா மட்டும் யாருக்கும் வாய் வரமாட்டேங்குது. நீங்க ஒரே வார்த்தையில எழுதியிருக்கீங்க." சிவப்புப் பேனாவை எடுத்தாள். "கணக்கு எல்லாம் சரி. சரியான சொல்லை எழுதாததுக்கு ரெண்டு மார்க் குறைக்கிறேன். குறைச்சே ஆகணும்."

"குறைங்க மேடம்."

"குறைச்சும் அம்பத்தாறு வருது."

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அடுத்த வருஷப் பிள்ளைங்களுக்கு நான் இந்த வார்த்தையைச் சொல்லலாமா? உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாரே?"

"அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன் மேடம்," என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் அடுப்பின் சாம்பலைக் கூட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தார் என்பது முதுகிலேயே தெரிந்தது.

"உங்ககிட்ட அனுமதி கேக்கச் சொன்னாங்க."

"யாரு?"

"கணக்கு மேடம். உங்க வார்த்தையை வகுப்புல சொல்லிக் கொடுக்கணுமாம்."

அவர் துடைப்பத்தைக் கீழே வைத்தார். "எந்த வார்த்தையை?"

"மூச்சு."

"சும்மா சொல்ற."

அவள் தாளை நீட்டினாள். அவர் கையை வேட்டியில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு வாங்கினார். ஐம்பத்தாறைப் பார்த்தார். அதைவிட அதிக நேரம், அவள் கையெழுத்தில் வரிக்கு வரி இருந்த தன் வார்த்தையைப் பார்த்தார்.

"ரெண்டு மார்க் என்னாலதான் போச்சு," என்றார்.

"அம்பத்தாறு யாரால வந்துச்சு?"

அவர் காது சிவந்தது.

"மதிய வெயில்ல மாவு சரியா வராதுன்னு சொன்னீங்களே, அது எந்தப் புத்தகத்துல இருக்கு?"

அவர் தாளுக்குள் முகத்தை இன்னும் கொஞ்சம் புதைத்தார்.

"போதுங்க. நாளைல இருந்து ரெண்டு மணிக்கே பிசைங்க. தையல்கடை அம்மாவுக்கு அஞ்சு மணி ரொட்டி போகட்டும். நான் எங்கயாவது ஒரு ஓரமா உக்காந்து படிச்சுக்கறேன்."

"அடுத்த வருஷம் கணக்கு கிடையாதா?"

"இருக்கு. புள்ளியியல்."

"அது இதைவிடக் கஷ்டமா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

அவர் தாளை நான்காக மடிக்காமல், ஒரு மடிப்புகூட விழாமல், ஜாடி இருந்த அலமாரியில் நிமிர்த்தி வைத்தார். பிறகு ஈரத்துணியைப் பிழிந்து மேஜையைக் கோடி முதல் கோடி வரை துடைத்தார்.

"அப்ப மூணரைதான்," என்றார். "உக்காருங்க டாக்டரம்மா."