மீன் ஐஸில் முழுகிய முகம்

“ஓடுற இதயத்த முகத்தப் புடிச்சே நிறுத்துவேன், செட்டியாரே! மார்சேய் போற கப்பலோட கேப்டனுக்கே நிறுத்தியிருக்கேன். செத்துக் கெடந்த மனுஷன் எழுந்து ஒக்காந்து சூப்பு கேட்டாரு!”

பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிப் போனபின்னும் சைகோனிலேயே தங்கிவிட்ட பட்டாளத்துச் சமையல்காரர் இக்னாஸ் தன் வீட்டில் உட்கார்ந்து இப்படி அளந்ததும், நாகப்பன் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கான் ஹொய் துறைமுகமே மூட்டையை இறக்கிவைத்துத் திரும்பிப் பார்த்திருக்கும். பென்-தான் என்னும் சந்தைப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நாகப்பன், முழம் போட்டுப் பார்க்காத எதையும் நம்பாதவர்.

சிரிப்பு பாதியில் அறுந்தது.

மார்புக்குள் ஏதோ கட்டறுத்துக்கொண்டு ஓடியது. ஊரிலுள்ள தையல் மிஷின்களையெல்லாம் ஒரே சட்டைக்குள் ஓட்டியதுபோல! கழுத்து நரம்பு துள்ளியது, கண் இருண்டது. முன்பு ஒருமுறை இப்படி வந்து பிழைத்ததே பெரிது என்று வைத்தியர் எச்சரித்திருந்தார்.

“இக்னாசு... நான் போறேனய்யா...”

“எங்க போறீரு? ரோசாலி, ஐஸ் கொண்டா!”

இக்னாஸின் மனைவி தூக்கிவந்தது மீன் தொட்டி. அன்று வெள்ளி; வெள்ளிக்கிழமை கறி தொடாத வேதக்காரர் வீட்டில் மீன்தான். உடைத்த ஐஸில் கொடுவா ஒன்று வாய்பிளந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கும் நாகப்பனுக்கு இருந்த உயிரும் பதறியது.

“அய்யய்யோ, மீனா! மாட்டவே மாட்டேன்!”

“உசுரு இருந்தாத்தானே வெரதம் இருக்கலாம், அண்ணே!” ரோசாலி மீனை வாலைப் பிடித்து வெளியே வீசிவிட்டு, ஒரு செம்பு தண்ணீரைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

“மூச்ச அடக்கும்!” பிடரியில் இக்னாஸின் கை விழுந்தது. முகம் முழுகியது.

ஊசிகள் குத்தியது முகத்தில், திடுக்கிட்டதோ இதயம். தடதடவென்ற ஓட்டம் இடறியது. நின்றே போனது. தாம் செத்துவிட்டதாகவே நாகப்பன் முடிவு கட்டினார்.

டொம்.

சற்றுப் பொறுத்து, இன்னொரு டொம். காலாற நடக்கிற நிதானம்.

தலையைத் தூக்கினார். மீசையில் செதில் மின்னியது.

“முகத்துல குளிரு பட்டுதா, ‘முழுகிட்டோம்’னு மூளைக்குச் சேதி போவும்,” என்றார் இக்னாஸ். “அது இதயத்துக்கு உத்தரவு போடும்: ‘இருக்குற காத்த வீணாக்காத, மெள்ளப் போ.’ முகம், மூளை, இதயம் எல்லாம் ஒரே வீட்டு ஆளுங்க, செட்டியாரே! கப்பல் டாக்டரு சொன்னது. இப்ப சொல்லும், நான் அளந்தேனா?”

நாகப்பன் கையை நெஞ்சில் வைத்துத் துடிப்பை எண்ணிப் பார்த்தார்.

“நின்னுச்சுய்யா,” என்றார். “நெசமாவே நின்னுட்டுத்தான் திரும்ப நடக்குது.”