தார் ரோடு முடியும் வரை

லிண்டன் விற்பனைக்கு நின்ற ஃபோர் வீல் டிரைவில் ஏறி, நடுங்கும் வலது கையால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். பார்க்கின்சன் நோய் என்று டாக்டர் சொன்னது கோடையில். ஜூலை விடுமுறையில் பிள்ளைகளை, தார் ரோடு முடிந்து மண் பாதையில் போக வேண்டிய பேர்ட்ஸ்வில் என்ற ஆஸ்திரேலியப் பாலைவன ஊர் வரை, தானே வண்டி ஓட்டிக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவன் ஆசை.

"வாடகைக்கு எடுத்தா போதாதா?" என்றாள் மனைவி மெரன்.

"வாடகை வண்டிய அந்த மண் பாதையில விடமாட்டாங்க. சொந்தமா இருந்தா அடுத்த வருஷம் இன்னும் தூரமா இருக்கிற கிம்பர்லிக்கும் போகலாம்."

"அடுத்த வருஷம் உன்னால ஸ்பூனே பிடிக்க முடியாது. ஸ்டியரிங்க யாரு பிடிக்கிறது?"

பக்கத்தில் நின்ற வண்டிக் கடைக்காரன் சிரித்துவிட்டான். அந்த ஊர்த் தம்பதிகள் ஒருவரையொருவர் இப்படித்தான் வாருவார்கள். லிண்டனின் கையைப் பார்த்ததும் கடைக்காரனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது போலிருந்தது.

"நேத்து பீர் கொஞ்சம் ஓவரோ, நண்பா? இந்தக் கையில பால் டம்ளரக் குடுத்தா மில்க்‌ஷேக் தானா ரெடியாயிடும்!"

பின்சீட்டில் ஏறியிருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெரன் கடைக்காரனைத் திருத்தவில்லை. அவளும் சிரித்தாள். கிண்டலுக்குச் சிரிக்காதவனை அங்கே யாரும் ஆணாக மதிப்பதில்லை. லிண்டனும் சிரித்தான்.

பிறகு கீழே இறங்கினான்.

"வாடகைக்கே எடுத்துக்கலாம். நீயே ஓட்டு, மெரன்."

"அப்போ பேர்ட்ஸ்வில்?" என்றாள் மகள்.

"தார் ரோடு முடியிற இடத்துல திரும்பிடலாம்மா."