ஒரே இடத்தில் இரண்டு

கனடாவில் ஆராய்ச்சி செய்யும் நிரோஜினி 2003இல் யாழ்ப்பாணத்துத் தீவிலுள்ள தன் ஊரான நாரந்தனைக்கு வந்தாள். கொழும்பில் இருக்கும் அம்மா ஊருக்குத் திரும்ப ஆசைப்பட்டாள். அதற்காகத் தங்கள் வீட்டை விட்டுத்தரும்படி செபமாலை அக்காவிடம் கேட்கவேண்டும். போரில் இடம்பெயர்ந்து வந்து அங்கே இருந்த அக்காவுக்கு வேறு வீடில்லை.

மத்தியானம் மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு இருவரும் ஒரே பாயில் சரிந்தார்கள். நிரோஜினிக்குக் கேட்க வாய் வரவில்லை.

"கனடாவிலை என்னத்தைப் படிக்கிறீர்?" என்றாள் அக்கா.

"உப்புக்கல்லு மாதிரி ஒரு பளிங்கு, அக்கா. தாள் அடுக்கின மாதிரி இருக்கும். ஒவ்வொரு தாளிலையும் இடத்துக்கு ஒரு இலத்திரன், அணுவுக்குள்ளை இருக்கிற சின்னத் துகள். பக்கத்து இடத்திலை ஆள் இருக்கிறதாலை ஒண்டும் நகராது. ஆனால் ஒவ்வொண்டும் ஒரு குட்டிக் காந்தம்; ஒண்டு மேலை பாத்தால் பக்கத்திலை உள்ளது கீழை பாக்கும். அந்தக் காந்தத்தைத்தான் படிக்கிறன்."

"ஒரு இடத்திலை ரெண்டு இருக்க ஏலாதோ?"

"இருக்கலாம். ஒண்டையொண்டு தள்ளும், சரியான கஷ்டம். எதிரும் புதிருமாய்த் திரும்பித்தான் இருக்கவேணும்."

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். "இப்பிடியோ? உம்மடை அம்மாவோடையும் இப்பிடிப் படுக்கலாம். எனக்குக் குறட்டை வரும், சொல்லிப்போடும்."

தான் வந்த காரணம் அக்காவுக்கு முன்பே தெரியும் என்று நிரோஜினிக்கு அப்போதுதான் விளங்கியது.

"அம்மாவும் குறட்டைதான், அக்கா."

பின்னேரம் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். "வாங்கோ அம்மா. அக்காவும் இஞ்சைதான் இருப்பா."

மறுமுனையில் அம்மா கேட்டாள்: "அப்ப ஆர் சமைக்கிறது?"