உட்காரக் கூடாத நகரம்

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த நாலு மாடி லாட்ஜில் பிரேமாவுக்குப் பத்து வருஷமாக அறை துடைக்கும் வேலை. கூட வேலை பார்க்கும் உலகம்மாளுக்கு வயது ஐம்பத்தெட்டு. இரண்டு காலும் வீங்கிக் கிடக்கின்றன. ஒரு அறையை முடித்து அடுத்த அறைச் சாவி வரும்வரை வராந்தாவில் உட்கார ஒரு நாற்காலி கிடைத்தால் போதும், இன்னும் ரெண்டு வருஷம் தள்ளிவிடுவேன் என்பாள். தொழிலாளி உட்கார உரிமை உண்டு என்று கேரளத்தில் சட்டமே இருக்கிறது. அந்த லாட்ஜில் நாற்காலிதான் இல்லை. தரையில் உட்கார்ந்தாலோ கேமரா காட்டிக்கொடுத்துவிடும். மேனேஜர் ஜெயந்த் சாரிடம் பிரேமா மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

லாட்ஜின் ஆண்டு விழாவுக்கு ஹவுஸ்கீப்பிங்காரர்கள் ஒரு நாடகம் போட வேண்டும் என்று உத்தரவு வந்ததும், "நான் எழுதுதேன்" என்று பிரேமா முந்திக்கொண்டது அதனால்தான். நேரே சொல்லி ஏறாததை, வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோல ஏற்றிவிடலாம் என்று நினைத்தாள்.

கதைக்கு அவள் அலையவில்லை. யாரோ ஒரு விருந்தாளி அறையில் விட்டுப்போன, அட்டை கிழிந்த பழைய நாவல் ஒன்று அவளிடம் இருந்தது. அறுபது வருஷத்துக்கு முந்தையது. வரப்போகும் காலத்தில் ஒரு நகரம். அங்கே ஆட்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். சுவருக்குச் சுவர் கண். உட்கார்வது குற்றம். எழுதினவர் நடுங்கிக்கொண்டேதான் எழுதியிருக்க வேண்டும். படித்த பிரேமாவுக்கும் நடுங்கியது. அதை அப்படியே நாடகமாக்கி ஒத்திகையில் வாசித்தாள்.

காவலாளி வேஷம் லாண்டரியில் துணி தேய்க்கும் பிச்சைக்கனிக்கு. அவன் முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுல கத எங்கக்கா இருக்கு? நம்ம டூட்டியல்லே எழுதி வச்சிருக்கீய?" என்றான். உலகம்மாள் கொட்டாவி விட்டாள்.

பிரேமாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் அது ஆறியது. பாவம், அந்த நாவலை எழுதின மனுஷர். நூறு வருஷம் கழித்து வரும் என்று அவர் பயந்தது அதற்கு முன்னாலேயே வந்து, யூனிஃபார்மும் மாட்டி, பழகியும் போய்விட்டது. வந்து சேர்ந்ததைக் காட்டி யாரைப் பயமுறுத்த முடியும்? சிரிக்க வைக்கலாம். சிரிக்கிறவன் ஒரு நிமிஷமாவது அதைத் தள்ளி நின்று பார்ப்பான். அன்று ராத்திரியே நாடகத்தைத் திருப்பி எழுதினாள். அவருடைய நகரத்தில் அவள் ஒரு செங்கல்லைக்கூட மாற்றவில்லை. அவருடைய ஜனங்கள் அழுதார்கள், இவளுடைய ஜனங்கள், "எங்கள் முழங்காலைக் காப்பாற்றிய அரசே, வாழ்க!" என்று நன்றி சொன்னார்கள்.

விழா மாலையில் ஜெயந்த் சாரும் ஆபீஸ்காரர்களும் நாற்காலிகளில் இருந்தார்கள். ஹவுஸ்கீப்பிங் பெண்கள் பின்சுவரோரம் நின்றார்கள். நாற்காலி பற்றவில்லையாம். மேடையில் ஒரு மியூசியம், நடுவில் ஒரு நாற்காலி. டீச்சராக வந்த பிரேமா விளக்கினாள்: "பிள்ளைகளே, நாலு காலுள்ள இந்த மிருகம் ஒரு காலத்தில் மனிதர்களை மடியில் வைத்துச் சோம்பேறியாக்கியது!" ஜெயந்த் சார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பழம் மட்டும்தான் உள்ளே போகிறது, ஊசி ஏறவில்லை என்று பிரேமாவுக்குத் தெரிந்தது.

கடைசிக் காட்சியில் உலகம்மாள் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். காவலாளி அதட்டியதும் பதறி எழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். உட்கார்ந்தாள்.

"எந்திரி!" என்றான் பிச்சைக்கனி. அவள் எழவில்லை. சபை சிரித்தது. "எந்திரி!" இன்னும் பெரிய சிரிப்பு. அவன் குனிந்து, "சித்தி, எந்திரிக்கணும்லா" என்று கெஞ்சினான்.

"முடியல மக்கா." உலகம்மாள் மெதுவாகத்தான் சொன்னாள். மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. "காலைல ஆறு மணிலேர்ந்து நிக்கேன்."

சிரிப்பு அடங்கியது. ஜெயந்த் சார் மட்டும் கை தட்டினார். "சூப்பர் ஆக்டிங், கேட்டோ!"

"ஆக்டிங் இல்ல சாரே. காலு வலிக்கி."

பிரேமாவின் கையிலிருந்த தாளில் இதற்கு மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை. அந்தப் பழைய நாவலிலும் இல்லை. திரையை இழுக்கச் சொல்லலாம். சொல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் வேலை போகும். அவள் நடந்துபோய் உலகம்மாளின் காலடியில் உட்கார்ந்து, அந்த வீங்கின காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பின்சுவரோரம் ஒருத்தி உட்கார்ந்தாள். பிறகு அவள் பக்கத்தில் நின்றவள். பிறகு எல்லோரும். பிச்சைக்கனி தடியைக் கீழே போட்டுவிட்டு மேடையிலேயே சம்மணம் போட்டான்.

ஜெயந்த் சார் ஏதோ சொல்ல எழுந்தார். மண்டபத்தில் இப்போது நின்றுகொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.