இடமில்லை என்று சொல்ல ஆளில்லை

கேக் பெட்டியோடு வந்த பெண்ணை மெடி அக்கா முதல் பார்வையிலேயே சந்தேகப்பட்டார்.

விடியற்காலைப் பூசை முடிந்து, கோவில் வாசலில் நின்று வாழையிலையில் சுட்ட அரிசி அப்பத்தை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தோம். நாங்களெல்லாம் குளிருக்குச் சால்வையைச் சுற்றிக்கொண்டிருக்க, அவள் மட்டும் குதிகால் செருப்பும் கழுத்தில் அடையாள அட்டையுமாக வந்து ஆளுக்கொரு துண்டு கேக் கொடுத்தாள். பெயர் கேட்ரினா. புறவழிச் சாலையில் புதிதாக வந்திருக்கும் மாலின் மேலாளர்.

"சும்மா யாராவது கேக் குடுப்பாங்களா, செனியோ?" என்று என் காதில் சொன்னார் மெடி அக்கா. சொல்லிவிட்டுத் தன் துண்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பங்குத்தந்தை உர்பானோ தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். இந்த வருடம் இடம் கேட்கும் பாட்டை மாலுக்குள் நடத்தலாமாம்.

வருடாவருடம் கிறிஸ்துமஸுக்கு முன் எங்கள் பங்கில் இருவர் மாதாவும் சூசையப்பருமாக வேடமிட்டு, வீடு வீடாகப் போய் ராத்தங்க இடம் கேட்டுப் பாடுவார்கள். வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து, இடமில்லை, போய் வாருங்கள் என்று பாட்டிலேயே மறுப்பார்கள். ஐந்து வாசலில் மறுப்பு வாங்கியபின் கோவிலில் போட்டிருக்கும் குடிலுக்கு வந்து சேர்வார்கள். அங்கே பாலன் இயேசுவின் சுரூபத்தை வைக்கோலில் கிடத்துவோம். நான் கிதாரோடு முன்னால் நடப்பேன். எல்லாவற்றையும் நடத்துவது மெடி அக்கா.

அவருக்கு அது நேர்ச்சை. மகன் எர்வின் சிறுபிள்ளையாக இருந்தபோது டெங்கு வந்து பிழைப்பானா என்று கிடந்தான். "எம் புள்ளையக் குடு தாயே, நான் சாகுறவரைக்கும் உன்னை வாசல் வாசலாக் கூட்டிக்கிட்டுப் போறேன், உனக்கு நடந்தது ஒண்ணையும் விடாம நடத்துறேன்" என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டார். எர்வின் பிழைத்தான். இப்போது சரக்குக் கப்பலில் எந்திர அறையில் வேலை. அவன் கடலில் இருக்கிறவரை நேர்ச்சையில் ஒரு நூல் பிசகக் கூடாது என்பது அக்காவின் பயம்.

"கோவில் இருக்கும்போது மால் எதுக்கு ஃபாதர்?" என்று கேட்டார்.

"போன வருஷம் என்ன ஆச்சு மெடி? மூணு வீட்டுல கதவைத் திறக்கவே ஆளில்ல. எல்லாரும் மால்லதான் இருந்தாங்க. ஜனங்க இருக்குற இடத்துக்கு நாம போவோமே."

அது உண்மைதான். போன வருடம் பூட்டிய கதவுகளின் முன்னால் நானே இரண்டு குரலிலும் பாட வேண்டியிருந்தது.

கேட்ரினா முன்னால் வந்தாள். "அஞ்சு கடை வாசல்ல நிக்கலாம்மா. கடைசியா நடு மண்டபத்துல பெரிய மேடை, குடில், விளக்கு எல்லாம் நாங்க போட்டுடுறோம்."

"கடைக்காரங்க இடமில்லைன்னு பாடுவாங்களா?"

"பாடுவாங்கம்மா."

"நல்லா சத்தமா?"

"சத்தமாவே பாடுவாங்கம்மா."

அவள் போனபின் அக்கா சொன்னார்: "பேரம் பேசாம எல்லாத்துக்கும் சரின்னு சொல்றவளைக் கண்டாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

அந்த வாரம் முழுக்க அவர் சந்தேகத்துக்குத் தீனி கிடைத்துக்கொண்டே இருந்தது. பாட்டுத் தாள்களைக் கடைகளில் கொடுக்கப் போனோம். எல்லாரும் புன்னகையோடு வாங்கிக்கொண்டார்கள். ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஒத்திகைக்கு வரச் சொன்ன நாளில் ஒரு கடையிலிருந்தும் ஆள் வரவில்லை. "கூட்ட நேரம்மா, அன்னிக்கு வந்துடுவாங்க" என்றாள் கேட்ரினா. மாதா வேடம் போடும் லிகயாவுக்குப் புதுச் செருப்பு ஒன்று இலவசமாக வந்தது. அதன் வாரில் கடைப் பெயர் பெரிதாக இருந்தது. அக்கா அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, லிகயாவின் முகம் வாடியதைப் பார்த்துத் தன் பழைய தோல் செருப்பைத் துடைத்துக் கொடுத்தார். பிறகு நடு மண்டபத்தில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பதாகை தொங்கியது: 'இங்கே எல்லாருக்கும் இடமுண்டு.'

அக்கா அதன் அடியில் நின்று இரண்டு தடவை படித்தார்.

"செனியோ, இப்படி எழுதிப் போட்டுட்டு எவன்டா இடமில்லைன்னு பாடுவான்?"

இருபத்துமூன்றாம் தேதி மாலை போனோம். வாசலிலேயே தகராறு. எங்கள் ஊர் மால்களில் காவலர்கள் கையில் ஒரு குச்சி வைத்திருப்பார்கள். பையைத் திறக்கச் சொல்லி உள்ளே குத்திப் பார்ப்பார்கள். லிகயாவின் பெருத்த வயிற்றைப் பார்த்ததும் அந்தக் காவலர் குச்சியைத் தாழ்த்தி, பிறகு மறுபடி உயர்த்தினார்.

"உள்ள என்னம்மா?"

"உலக இரட்சகர்" என்றான் டிண்டோ. அவன்தான் சூசையப்பர். மற்ற நாளில் ஆட்டோ போல ஓடும் மூன்று சக்கர வண்டி ஓட்டுபவன். வாய் சும்மா இருக்காது.

"ஜோக்கெல்லாம் வேணாம் தம்பி. எனக்கு மேல ஆள் இருக்காங்க."

"எங்களுக்கும்தான்."

கடைசியில் லிகயா அங்கியைத் தூக்கித் தலையணையை எடுத்துக் காட்டினாள். காவலர் அதை அமுக்கிப் பார்த்தார். பரிசுப் பொருள் சுற்றிக்கொடுக்கும் மேசையிலிருந்த பெண் ஒருத்தி இதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தலையணை திரும்ப வயிற்றுக்குப் போனது. அக்கா துணியில் சுற்றிய பாலன் சுரூபத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். அதை யாரையும் குத்தவிடவில்லை.

முதல் வாசல் மெத்தைக் கடை. பெரிய கூட்டம், எல்லாக் கையிலும் போன். நான் சுருதி பிடிக்க, டிண்டோ கோலை ஊன்றி நின்று பாடினான்: பொழுது சாய்ந்தது, இவள் களைத்தாள், இன்று ஒரு ராத்திரிக்கு இடம் தருவீரோ.

கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. சிவப்புக் குல்லாய் போட்ட கடை மேலாளர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார்.

"வாங்க, வாங்க! சூசையப்பரே, மாதாவே! எங்க கடையில உங்களுக்கு இடமில்லாமலா?"

கூட்டம் கைதட்டியது. லிகயாவைக் கைப்பிடித்து அழைத்துப்போய், பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தை ஒன்றில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். டிண்டோ வாசலிலேயே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே, உள்ள கூப்பிட்டுட்டாங்களே. இப்ப நான் என்ன பாடணும்?"

எனக்கும் தெரியவில்லை. முதல் வாசலிலேயே இடம் கிடைத்துவிட்டால் பெத்லகேமில் குடில் எதற்கு?

அக்கா கேட்ரினாவின் முழங்கையைப் பிடித்தார். "பாடுவாங்கன்னு சொன்னியே!"

"நானும் சொல்லித்தான்மா பார்த்தேன். யாருமே ஒத்துக்கல. மாதாவை விரட்டின கடைன்னு வீடியோ போயிடுச்சுன்னா எங்க கதி என்னங்குறாங்க." உண்மையிலேயே அவள் கலங்கித்தான் போயிருந்தாள். "அஞ்சு கடையும் இப்படித்தான்மா. கோவிச்சுக்காதீங்க."

"எம் புள்ள கடல்ல இருக்கான்மா" என்றார் அக்கா. கேட்ரினாவுக்கு அது புரிந்திருக்க வழியில்லை.

அக்கா கொஞ்ச நேரம் சுரூபத்தைத் தட்டிக்கொடுத்தபடி நின்றார். பிறகு சந்தேகக்காரர்களுக்கே உரிய அந்தப் பார்வை அவர் கண்ணில் வந்தது. நேராகக் கடைக்குள் போனார்.

"தம்பி, ரொம்ப சந்தோஷம். அப்ப இந்தப் பொண்ணு இன்னிக்கு ராத்திரி இங்கயே படுத்துக்கலாமா?"

மேலாளர் சிரித்தார். "ராத்திரியா?"

"ராத்திரிக்குத்தானே இடம் கேக்குறோம். மாசம் நிறைஞ்ச பொண்ணு."

"அது... மால் ஒன்பது மணிக்குப் பூட்டிடுவாங்களேம்மா."

"நீங்க சொன்னா விடமாட்டாங்களா?"

"நான் எப்படிம்மா சொல்றது? எனக்கே அனுமதி கிடையாது."

"அப்ப இடமில்லையா?"

அவர் கேமராக்களைப் பார்த்தார், குல்லாயைக் கழற்றினார். "இல்லம்மா" என்றார், மெதுவாக, தன் சொந்தக் குரலில். "இடமில்ல."

கேலியோ கோபமோ இல்லாமல், "நன்றி தம்பி. உண்மையச் சொன்னீங்க" என்றார் அக்கா. லிகயாவை எழுப்பிக் கூட்டிவந்தார். "செனியோ, வாசி."

நான் வாசித்தேன்.

செருப்புக் கடையிலும் வரவேற்புத்தான். அங்கேயும் அக்கா அதே கேள்வியைக் கேட்டார். இரண்டு பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, தலைமை அலுவலகத்தைக் கேட்காமல் முடியாது என்றார்கள். போன் கடையில் ஒரு பையன் தள்ளுபடிச் சீட்டை நீட்டினான். "இதுல படுக்க முடியுமா கண்ணு?" என்று அக்கா கேட்க, காதுவரை சிவந்து, "இல்லக்கா" என்றான். மின்சாதனக் கடையில், "எங்களையே உக்கார விடமாட்டாங்கம்மா" என்று ஒரு பெண் சொல்லிவிட்டுப் பயந்து பின்னால் பார்த்தாள். முதலில் கைதட்டிய கூட்டத்தில் போகப்போக சிலர் போனை இறக்கிவிட்டார்கள். பொம்மைக் கடைக்கு முன்னால் கேட்ரினா ஒலிபெருக்கியில் கிறிஸ்துமஸ் பாட்டைச் சத்தமாக வைக்கச் சொன்னாள். அந்தச் சத்தத்திலும் ஐந்தாவது 'இல்லை' எங்களுக்குக் கேட்டது.

இனி மேடைக்குப் போக வேண்டும். அங்கே பளபளவென்று குடில். அதன் இரு பக்கமும் குழந்தைகளைத் தள்ளிப்போகும் வண்டிகள், விலை அட்டையோடு. அக்கா தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

"நாடகத்துலயாவது கடைசியா ஒருத்தர் கூப்பிடணும். இவங்க கூப்பிடுறது வண்டி விக்கத்தான்."

"வேற வழியில்ல அக்கா" என்றேன்.

"எங்க ரூமுக்கு வாங்க."

பரிசு சுற்றும் மேசையிலிருந்து குரல் வந்தது. முன்பு சிரித்த அதே பெண். விரல்களில் ஒட்டுநாடாத் துண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன.

"என்னம்மா சொன்ன?"

"எங்க ரூம்ல படுத்துக்கலாம்கா. சந்தைக்குப் பின்னால, நீலக் கதவு. ஆறு பேர் இருக்கோம். என் பாயை இவங்களுக்குக் குடுத்துட்டு நான் பக்கத்துப் பாயில ரேணுகூட ஒட்டிப் படுத்துக்குவேன்."

டிண்டோ குனிந்து, "தங்கச்சி, அது தலையணைதான்" என்றான்.

"தெரியும். வாசல்ல பார்த்தேனே." அவள் ஒரு பெட்டியின் ஓரத்தை மடித்தாள். "அதுக்காக? சாயங்காலம் பூரா கேட்டுக்கிட்டே வர்றீங்க. யாராவது ஒருத்தர் சொல்லணும்ல."

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார். "உன்னை யாரு சொல்லச் சொன்னா?"

"யாரு சொல்லுவா? சூப்பர்வைசர் பார்த்தா திட்டுவாரு."

"வீட்டுக்காரம்மா ஒத்துக்குவாளா?"

"அவ எங்களையே ஒத்துக்க மாட்டா."

அக்கா சுரூபத்தின் துணியைப் பிரித்தார். வண்ணத் தாள் வெட்டிய சுருள்கள் மேசையில் குவிந்து கிடந்தன. அவற்றை வைக்கோல் போல ஒன்றாகக் கூட்டி, பாலனை அங்கேயே கிடத்தினார். மெழுகுவர்த்தி ஏற்ற அனுமதியில்லை என்பதால் டிண்டோ போன் விளக்கைப் பிடித்தான். நாங்கள் பிறப்புப் பாட்டைப் பாடினோம். வரிசையில் பொருளோடு நின்றவர்களில் சிலர் சேர்ந்து பாடினார்கள். ஒரு பெரியவர் முழந்தாளிட்டார். மற்றவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். மேடையில் அறிவிப்பாளர் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

பாட்டு முடிந்ததும் அக்கா அந்தப் பெண்ணிடம் பெயர் கேட்டார். மரிவிக். சமார் தீவு. பண்டிகைக்கு ஊருக்குப் போக விடுப்பில்லை.

"நாளைக்கு ராத்திரி பூசை முடிஞ்சு எங்க வீட்டுக்கு வந்துடு. கோவிலுக்கு எதிர்த் தெரு, பச்சைக் கேட்டு. சேர்ந்து சாப்பிடலாம்."

மரிவிக்கின் முகம் மாறியது. நாடாவை அறுக்காமல் பிடித்தபடியே கேட்டாள்: "எதுக்குக்கா? என்ன விக்கப் போறீங்க?"

"விக்கிறதா?"

"போன மாசம் ஒரு அக்கா இப்படித்தான் சாப்பிடக் கூப்பிட்டாங்க. போனா சத்து மாவு டப்பாவ முன்னால அடுக்கிட்டாங்க."

நான் மெடி அக்காவைப் பார்த்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சிரிக்க ஆரம்பித்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"நானும் உன்னை மாதிரிதான்டி. ஒருத்தரையும் நம்ப மாட்டேன். ஒண்ணும் விக்கல. உன் ரூம்ல இருக்குற அஞ்சு பேரையும் கூட்டிக்கிட்டு வா. ஒண்ணா வந்தா பயமில்லல்ல?"

"பார்க்குறேன்கா" என்றாள் மரிவிக், நம்பாத குரலில். அடுத்தவரின் பெட்டியை இழுத்துக்கொண்டாள்.

வெளியே வந்து டிண்டோவின் வண்டியில் ஏறினோம். நேர்ச்சை நிறைவேறியதா என்று நான் கேட்டேன்.

"அஞ்சு பேரு இல்லைன்னாங்க, மனசாரச் சொன்னாங்க. ஒருத்தி உண்டுன்னா, அவளும் மனசாரச் சொன்னா. என் ஆயுசுல இவ்வளவு சரியா நடந்ததே இல்ல, செனியோ." பையைத் திறந்து, திரும்பத் துணியில் சுற்றி வைத்த சுரூபத்தைச் சரிபார்த்துக்கொண்டார். "ஆனா அந்தப் பொண்ணு வரமாட்டா. நானா இருந்தாலும் வரமாட்டேன்."

சந்தை முனையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். வரமாட்டாள், வரமாட்டாள் என்று சொல்லிக்கொண்டே ஆறு பேருக்குக் கூடுதலாகப் பண்டிகைப் பலகாரத்துக்குப் பசையரிசியும் தேங்காயும் வாங்கினார்.