பேசுறது யாருங்க?

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் பதினொரு வருடமாக முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். போன் அடித்தால் எடுப்பது என் வேலை. மெக்கானிக்குகள் எனக்கு வைத்த பெயர் ஹலோ அக்கா. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் என்னைத்தான் திட்டுவார்கள், பிறகு அழுவார்கள், கதவு திறந்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடுவார்கள். "பயப்படாதீங்க, காத்து வரும், கதவை மட்டும் இழுக்காதீங்க" என்று நான் தூக்கத்தில்கூடச் சொல்வதாக என் மகள் கிண்டல் செய்வாள்.

எந்தக் கட்டடத்துக்கு எந்த மெக்கானிக்கை அனுப்புவது என்று முடிவு செய்வதும் நான்தான். ஆனால் அது என் வேலை இல்லை, மேனேஜருடைய வேலை. நான் எழுதி வைப்பேன், அவர் கையெழுத்துப் போடுவார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். எழுதியதைப் படித்துப் பார்க்கிற பழக்கம் மட்டும் கிடையாது.

போன மாதம் வேறொரு லிஃப்ட் கம்பெனி இதே வேலைக்கு என்னைக் கூப்பிட்டது. அங்கே இதற்கென்று ஒரு பதவி இருந்தது. கையெழுத்தும் நானே போடலாம். அதே மாதத்தில்தான் எங்கள் வீட்டுக்கடன் விண்ணப்பமும் வங்கியில் கிடந்தது. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்ன மகராசன், நடுவில் வேலையையும் மாற்றிப் பார் என்று சேர்க்க மறந்துவிட்டான்.

மூன்றாம் மாடியில் இரண்டு படுக்கையறை வீடு அது. லிஃப்ட் இல்லை. அதற்காகவே எனக்குப் பிடித்துப் போனது. இப்போதிருக்கும் வாடகை வீட்டில் மகள் படிக்கவேண்டும் என்பதற்காக நானும் கணவரும் சமையலறையில் நின்று குசுகுசுவென்று பேசிக்கொள்கிறோம். புது வீட்டைப் பார்க்கப் போன அன்று அவள் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஐந்து நிமிடமாக வெளியே வரவில்லை.

"உள்ள என்னடி பண்றே?"

"சும்மா இருக்கேம்மா. யாரும் இல்லாம."

அந்த நிமிடமே அந்த வீடு எனக்கு வேண்டும் என்று ஆகிவிட்டது.

கணவர் வேன் ஓட்டுகிறார். ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. வங்கிக்காரர்கள் அதை வருமானமாகவே மதிக்கவில்லை. ஆக, கடன் முழுவதும் என் சம்பளச் சீட்டை நம்பித்தான் இருந்தது. "பொறுத்தார் பூமியாள்வார். லோன் கைக்கு வரட்டும், அப்புறம் எங்க வேணா போ" என்றார் கணவர். புதுக் கம்பெனியோ ஒன்றாம் தேதியைத் தாண்டி ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டோம் என்றது. வீட்டை விற்கிறவரும் மாதக் கடைசிவரைதான் என்று சொல்லிவிட்டார். பூமியாளும் ஆசை என் ஒருத்திக்குத்தான் இருந்தது போலிருக்கிறது.

வங்கியில் விசாரிக்க வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது, கையெழுத்துதான் பாக்கி என்று வீட்டுத் தரகர் சொன்னார். அதை நம்பித் திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தேன். கணவரிடம் சொல்லவில்லை. கையெழுத்து ஆனபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். பயம்தான், வேறென்ன.

மேனேஜர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். நான் எழுதியதில் அவர் படித்த முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

"அவசரப்படாதீங்கம்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும் என் டிராயர்லயே இருக்கட்டும். மனசு மாறினா வந்து எடுத்துக்குங்க."

புதன்கிழமை காலை போன் அடித்தது.

"வணக்கம், பேங்க்லேருந்து பேசுறேன். உங்க ஸ்டாஃப் ஒருத்தங்களைப் பத்திக் கடைசியா ஒரு தடவை உறுதி பண்ணிக்கணும்." பெயரைச் சொன்னார். என் பெயர். இனிஷியலை மட்டும் தப்பாகப் படித்தார்.

அங்கேயே 'நான்தான்' என்று சொல்லியிருக்கலாம். மேனேஜருக்கு மாற்றிவிட்டிருக்கலாம். என்ன செய்வது, யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லிப் பழகிய வாய். "கேளுங்க" என்றேன்.

"அவங்க அங்கதான் வேலை பார்க்கிறாங்களா?"

"பார்க்கிறாங்க."

"எத்தனை வருஷமா?"

"பதினொண்ணு."

"சேரும்போது என்ன போஸ்ட்?"

"முன்மேசை உதவியாளர்."

"இப்போ?"

"முன்மேசை உதவியாளர்."

அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த தட்டச்சுச் சத்தம் நின்றது. "நடுவுல புரமோஷன் எதுவும் குடுக்கலையா?"

"இல்லைங்க. அவங்க கேக்கலை."

சொன்னபிறகுதான் அது என் காதில் விழுந்தது. யாரோ ஒரு அம்மாவைப் பற்றி அல்லவா பேசிக்கொண்டிருந்தேன்? அந்த அம்மாமேல் எனக்குப் பரிதாபம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பதில் சொல்லத் தெரிந்தவளுக்கு, தனக்கென்று ஒன்று கேட்கும்போது மட்டும் வாய்க்கு என்ன பூட்டா?

"சரிங்க. வேலை நிரந்தரம்தானே? விட்டுட்டுப் போறதா லெட்டர் எதுவும் குடுத்திருக்காங்களா?"

மேனேஜரின் அறை பத்தடி தூரத்தில் இருந்தது. 'இல்லை' என்று சொல்லிவிட்டு, எழுந்து போய்க் கடிதத்தை வாங்கிக் கிழித்துப் போட்டால் அது பொய்கூட ஆகாது. மகளுக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு கிடைக்கும். எனக்கு இந்த நாற்காலி கிடைக்கும். இருபது வருடக் கடன். அது தீரும்வரை இந்த நாற்காலியும் நிரந்தரம்.

"குடுத்துட்டாங்க" என்றேன். "மாசக் கடைசியோட போறாங்க."

"அப்படியா? எங்ககிட்ட அவங்க சொல்லவே இல்லையே."

"இப்பத்தான் சொல்றாங்க."

"பேசுறது யாருங்க?"

என் பெயரைச் சரியான இனிஷியலோடு சொன்னேன். அவர் சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. பிறகு மெதுவாகவே பேசினார். விண்ணப்பம் இத்தோடு நின்றுவிடும், புது வேலையில் ஆறு மாதம் முடித்துவிட்டு மறுபடி வரவேண்டும், விதி அப்படி. "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா" என்றார். போனை வைத்ததும் அடுத்த அழைப்பு வந்தது. யாரோ நான்காம் மாடியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். காற்று வரும் என்று சொன்னேன்.

சாயங்காலம் சமையலறையில் வைத்துக் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முன்னறையில் மகள் படித்துக்கொண்டிருந்ததால் எங்கள் சண்டையும் குசுகுசுவென்றுதான் நடந்தது.

"தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? போனை எடுத்தது நீ. ஒரு 'இல்லை' சொல்ல வராதா உனக்கு?"

நான் கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவினேன்.

"அதை விடு. திங்கட்கிழமையே லெட்டரைக் குடுத்துட்டே. இன்னிக்குப் புதன். என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

அது நியாயமான கேள்வி. "தப்புதாங்க. நீங்க வேண்டாம்னு சொல்லிட்டா அப்படியே இருந்திடுவேனோன்னு பயமா இருந்தது."

அவர் தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார். "அப்படி என்னதான் கேட்டான் அந்த ஆளு?"

ஒவ்வொரு கேள்வியாகச் சொன்னேன். 'அவங்க கேக்கலை' என்ற இடம் வந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எனக்கு அந்த வீடு வேணுங்க. இப்பவும் வேணும். ஆனா இன்னும் இருபது வருஷம் அந்த நாற்காலியில என்னால முடியாது."

சாத்தியிருந்த சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் மகள் பாடத்தை முணுமுணுப்பது கேட்டது. அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது அவருடைய போன் அடித்தது. தரகர். நான் கையை நீட்டினேன், அவர் கொடுக்கவில்லை.

"ஆமாங்க, இவ வேலையை விட்டதுல லோன் நின்னு போச்சு. வேற ஆளு வந்தா வீட்டைக் குடுத்துடச் சொல்லுங்க."

தரகர் கத்தியது எனக்கே கேட்டது. "யாரு சார் இந்த நேரத்துல வேலையை விடச் சொன்னது?"

அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் கோபம் இன்னும் அப்படியேதான் இருந்தது.

"யாரும் சொல்லலைங்க. நாங்க ரெண்டு பேரும் உக்காந்து யோசிச்சுத்தான் விட்டோம்."

பச்சைப் பொய். அரைமணி நேரத்துக்கு முன்புவரை அவருக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் அதைக் கேட்டபிறகுதான், போனை வாங்க நீட்டியிருந்த கையை நான் இறக்கினேன்.